வெலிகாவுக்கு எண்பதாம் ஆண்டு அஞ்சலி

கிரிவோபிரெக் ஊர்ப் படிப்பகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. புதன்கிழமை மாலைகளில் கூடும். நூலகர் இஸ்க்ரா, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்த்ராவ்கா, படகுத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற ரதோய் ஆகிய மூவரும் அதன் உறுப்பினர்கள். கணப்பின் பக்கத்தில் சுருண்டு கிடக்கும் பூனையையும் கணக்கில் சேர்த்து, "நால்வர் கலந்துகொண்டோம்" என்று இஸ்க்ரா மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுவாள். நால்வரில் ஒருவர் யார் என்று அலுவலகம் இதுவரை கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை அவர்கள் பேச எடுத்துக்கொண்டது 'ஆற்றில் நனைந்த பூட்ஸ்' என்ற புதிய நாவல். சோபியாவில் இருக்கும் கலோயான் என்ற இளைஞர் எழுதியது. இரண்டாம் உலகப் போரின் கடைசி இலையுதிர் காலம். டான்யூப் கரையில் பெயர் சொல்லப்படாத ஓர் ஊர். படகுக்காரனின் விதவையான வெலிகா, எந்தச் சீருடை போட்டவன் வந்து கெஞ்சினாலும் இருட்டில் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறாள். கூலியாக அவன் காலில் கிடக்கும் பூட்ஸைக் கழற்றி வாங்கிக்கொள்கிறாள். கடைசியில் எல்லோரையும் கரையேற்றிய பிறகு, வீட்டில் விட்டுவந்த ஆட்டைக் கூட்டிவரத் திரும்பிப் போகிறாள். அங்கே ஒரு குண்டு அவளுக்காகக் காத்திருக்கிறது.

"துப்பாக்கி தப்பு," என்று ரதோய் தொடங்கினார். "அந்த மாதிரித் துப்பாக்கி அந்த வருஷம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. நான் திருத்திட்டேன்."

"எங்க திருத்தினீங்க?"

"புத்தகத்துலதான்."

"நூலகப் புத்தகத்துலயா மாமா!"

"பென்சில்லதான் இஸ்க்ரா. எதுக்கு இந்தக் கத்துக் கத்துற?"

"துப்பாக்கிய விடுங்க. மனுஷங்க எப்படி?"

ரதோய் பக்கங்களைப் புரட்டினார். "மனுஷங்க பரவால்ல. சாக வேண்டியவங்க சரியா செத்திருக்காங்க."

ஸ்த்ராவ்காவின் வாசிப்பு முறை வேறு. எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவாள். தபால் நிலையத்தில் தந்திகளைக் கையாண்ட காலத்திலிருந்து வந்த பழக்கம். "எடுத்த எடுப்புல அவ செத்துட்டான்னு தெரிஞ்சுபோச்சு. சாகப் போறவ மேல மனசு வச்சு நமக்கு என்ன ஆகப்போகுது? மிச்சத்த ஒரே புரட்டு."

இஸ்க்ரா இரண்டு முறை படித்திருந்தாள். வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல நாவலை உரிக்கிறவள் அல்ல அவள். எந்தப் பாத்திரம் எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்பதுவரை ஒழுங்காகக் குறித்துக்கொண்டு படிக்கிறவள். அப்படிப்பட்டவள் ஆட்டைத் தேடி வெலிகா திரும்பிய பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். மறுநாளே எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினாள். 'அவளை ஏன் கொன்றீர்கள்?' என்று ஒரே ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தாள். மரியாதையாக இருக்கட்டும் என்று அதற்கு முன்னால் வேறொரு வரி சேர்த்தாள்: 'எங்கள் ஊர் முழுவதும் உங்கள் நாவலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது.' முதல் வரியை எழுதிய பிறகு இரண்டாவதை எழுதக் கூச்சமாகிவிட்டது. அதை நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஊர் முழுவதும் பேசுகிறது என்றால் எந்த எழுத்தாளர்தான் சும்மா இருப்பார்? வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருவதாக உடனே பதில் போட்டுவிட்டார்.

இந்த விஷயத்தை இஸ்க்ரா மற்ற இருவரிடமும் சொல்லி முடிக்கவும், மேயர் வல்சான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. கூடவே அளவு நாடாவோடு ஓர் ஆள். அந்த ஆள் யாரிடமும் எதுவும் கேட்காமல் சுவரை அளக்கத் தொடங்கினான்.

"சனிக்கிழமை எழுத்தாளர் வர்றாராமே அக்கா," என்றார் மேயர். "ரொம்ப நல்லது. இருக்கிற நாற்காலியெல்லாம் நிறைஞ்சா ரூம் உங்களுது. நான் வாயத் திறக்க மாட்டேன். நிறையலன்னு வைங்க, திங்கக்கிழமை இந்த ரூம் ஜிம்மாயிடும், செவுத்தோரமா ஏறி ஓடுற மெஷின் வந்துடும். ஊரு மனசத்தான் இத்தன வருஷம் வளர்த்துப் பார்த்தீங்க. கொஞ்சம் உடம்பும் வளரட்டுமே."

"அறுபது நாற்காலி இருக்கு, வல்சான்."

"தெரியும். எண்ணிட்டுத்தான் பேசுறேன்."

மெஷின்கள் வந்துவிட்டன என்பது இஸ்க்ராவுக்கும் தெரியும். ஆளுயர மரப்பெட்டிகளாக வாசல் நடைக்கூடத்தில் அடுக்கிக் கிடந்தன. காலையில் அவள் உள்ளே நுழைவதே உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான். அந்த அறை போய்விட்டால் புத்தகங்கள் நகராட்சியின் நிலவறைக்குப் போகும். இஸ்க்ரா வீட்டுக்குப் போவாள். வெலிகாவைப் பற்றிப் பேச ஊரில் ஓர் இடம்கூட இருக்காது.

வியாழக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவள் தன் பழைய அறிவிப்புகளை நினைத்துப் பார்த்தாள். கவிதை மாலைக்கு நீலத் தாளில் ஒட்டினாள். ஒருவர் கிழித்துப்போய்ப் பாலாடைக்கட்டி சுற்றினார். மொழிபெயர்ப்பாளர் சந்திப்புக்குப் படம் போட்டு ஒட்டினாள். படத்துக்கு யாரோ மீசை வரைந்தார்கள். படித்தார்களா? ஒருவரும் இல்லை.

ஆனால் அதே நிறுத்தத்தில், அதே கம்பத்தில், அஞ்சலித் தாள்களின் முன்னால் ஒரு கூட்டமே நின்று படித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கட்டம், சிலுவை, படம், 'பிரிந்து ஆறு மாதம்', 'பிரிந்து மூன்று ஆண்டு'. கதவுகளிலும் மரங்களிலும் கம்பங்களிலும் ஊர் முழுக்க ஒட்டப்படும் இந்தத் தாள்களை மட்டும் கிரிவோபிரெக்கில் படிக்காத ஆள் கிடையாது. பேருந்தைத் தவறவிட்டாவது படிப்பார்கள். சும்மாவும் படிப்பதில்லை.

"இந்தப் படம் எப்ப எடுத்தது? இவ்வளவு அழகா எப்ப இருந்தா?"

"'ஈடு செய்ய முடியாத இழப்பு'ன்னு போட்டிருக்காங்க. இருந்தப்ப அந்த ஆள வீட்டுக்குள்ளயே விடல."

"மருமகன் பேரு இல்ல, பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன்."

நடை, உண்மைத்தன்மை, விடுபட்டவை, எல்லாவற்றையும் அலசினார்கள். இஸ்க்ரா கேட்டுக்கொண்டே நின்றாள். வாசகர் வட்டத்தில் ஒரு நாளும் இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை அவள் கேட்டதில்லை. அவளும் பேருந்தைத் தவறவிட்டாள்.

அன்று பிற்பகல் படிப்பகத்தின் அச்சுப்பொறியில் இப்படி ஒரு தாள் வந்து விழுந்தது. மேலே சிலுவை. நடுவில், நாவலின் அட்டையில் இருந்த முக்காடு போட்ட பெண்ணின் படம். அதன் கீழே:

'எண்பது ஆண்டுகள்.
எங்கள் அன்பு வெலிகா எங்களைப் பிரிந்து.
நல்லவர் கெட்டவர் பாராமல் எல்லோரையும் கரையேற்றியவள். தன்னைக் கரையேற்ற ஒருவரும் இல்லாமல் போனவள்.
நினைவுக் கூட்டம் சனிக்கிழமை மாலை நான்கு மணி, படிப்பகம்.
சோபியாவிலிருந்து கலோயான் வருகிறார்.'

எல்லாவற்றுக்கும் அடியில், வழக்கமாக அச்சகத்தின் பெயர் வரும் இடத்தில், பொடி எழுத்தில், 'ஆற்றில் நனைந்த பூட்ஸ்: நாவல் பற்றிய கலந்துரையாடல்' என்று ஒழுங்காகப் போட்டிருந்தாள். அந்த இடத்தை அச்சகத்தாரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை.

ஸ்த்ராவ்கா தாளை இரண்டு முறை படித்தாள். பழக்கப்படி கடைசி வரியிலிருந்து தொடங்கினாள்.

"இது பாவமில்லையா இஸ்க்ரா?"

"இதுல எது பொய்? சொல்லு, எடுத்துடுறேன்."

ஸ்த்ராவ்கா தேடிப் பார்த்தாள். "ஒண்ணும் பொய் இல்ல. அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பசை வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தின் பக்கத்தில் பனித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் விற்கும் தோத்காவின் கடைக்கு இஸ்க்ரா வழக்கம்போலப் போனாள். தோத்கா கையில் மாவும் வாயில் செய்தியும் இல்லாமல் இருக்கமாட்டாள். அன்று மாவை மறந்திருந்தாள்.

"அக்கா, வெலிகா யாரு வீட்டுப் பொம்பள? மேலத் தெருவா, ஆத்தங்கரையா?"

"ஆத்தங்கரைன்னு வச்சுக்கோயேன்," என்றாள் இஸ்க்ரா ஜாக்கிரதையாக. "படகுக்காரிதானே."

"அதான் பார்த்தேன்! ஆத்தங்கரைக்காரங்கதான் இப்படி. எண்பது வருஷம்! ஒரு தாள் ஒட்டியிருப்பாங்களா? ஒரு மெழுகுவத்தி? செத்த பொம்பள என்ன நினைச்சிருப்பா?"

பனித்ஸாவுக்காக நின்ற ஒருவர் சொன்னார்: "சொந்தக்காரங்க எல்லாம் ஜெர்மனி போயிருப்பாங்க தோத்கா. இப்ப சோபியாவுலேருந்து யாரோ ஒரு பேரன் வர்றானாம்ல?"

"வருவான், வருவான். வீட்ட விக்க வர்றான். இல்லன்னா எண்பது வருஷம் கழிச்சு என்ன திடீர்ப் பாசம்?"

இஸ்க்ரா குறுக்கிட்டாள். "தோத்கா, அந்தத் தாள்ல கீழ பார்த்தியா? பொடியா ஒரு வரி..."

"கீழ எதுக்குக்கா பார்க்கணும்? மேல படிச்சதுக்கே நெஞ்சு தாங்கல. 'தன்னைக் கரையேற்ற ஒருவரும் இல்லாமல் போனவள்.' அடடா, யாரு எழுதினா? கல்லும் கரையும்."

இஸ்க்ரா திறந்த வாயை மூடிக்கொண்டாள். பாராட்டு ஒரு பக்கம். மரப்பெட்டிகள் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவள் நாக்கைக் கட்டிப்போட்டன.

"படையலுக்குக் கோதுமைய நான் அவிச்சுக் கொண்டுவர்றேன்," என்றாள் தோத்கா. "ஜெபத்துக்குக் கெரசிம் சாமிகிட்டயும் நானே சொல்லிடுறேன். அந்தப் பேரன நம்பினா அவன் பிஸ்கட் வாங்கிட்டு வந்து நிப்பான்."

சனிக்கிழமை மூன்றரைக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. சுவரோரம் நின்றார்கள், நடைக்கூடத்தில் நின்றார்கள், ஜன்னல் விளிம்பில் இரண்டு பேர் உட்கார்ந்து பூனையைக் கீழே இறக்கினார்கள். சர்க்கரை தூவிய அவித்த கோதுமை, ரொட்டி, ஒயின் எல்லாம் வந்துகொண்டே இருந்தன. வைக்க மேசை போதாமல் தட்டுகளை நடைக்கூடத்து மரப்பெட்டிகளின் மேல் பரப்பி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு மெழுகுவத்தியைச் செருகினார்கள். பூக்கள் எல்லாம் இரட்டைப்படையில். இறந்தவர்களுக்கு வேறெப்படிக் கொண்டுவருவார்கள்?

முதலில் கெரசிம் சாமி எழுந்து சுருக்கமாக ஒரு வரவேற்புரை சொல்வார், இடையில் புகுந்து நாவலைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று இஸ்க்ரா திட்டமிட்டிருந்தாள். சாமி தூபக்கலசத்தை எடுத்து ஆட்டிக்கொண்டு நேராக ஜெபத்தில் இறங்கிவிட்டார். வெலிகாவின் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று பாடினார். பாட்டின் பாதியில் கதவருகே கலோயான் வந்து நின்றார். தாடி, கறுப்பு மேலங்கி, தோளில் பை. தன் கதாநாயகியின் பேரைச் சாம்பிராணிப் புகைக்குள் கேட்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதுபோலத்தான் இருந்தது.

ஊரார் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

"கடவுள் அவள மன்னிக்கட்டும். தைரியமா இருங்க தம்பி."

"நன்றி," என்றார் கலோயான்.

"லேட்டா வந்தாலும் வந்தீங்களே. அது போதும்."

"பேருந்து தாமதம்..."

"எண்பது வருஷமா?"

ஒரு பெண்மணி அவர் கையில் பூங்கொத்தைத் திணித்தாள். அவர் எண்ணிப் பார்த்தார். நான்கு பூ. முகம் வெளுத்தது. இஸ்க்ராவின் காதருகே குனிந்து, "இந்த ஊர்ல எல்லாப் புத்தகக் கூட்டமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"நாங்க புத்தகத்த ரொம்ப மனசுக்கு எடுத்துக்குவோம்," என்றாள் இஸ்க்ரா.

மேயர் வல்சான் நாற்காலிகளைப் பார்க்கத்தான் வந்தார். பார்த்ததும் அவர் முகம் விழுந்தது. ஆனால் ஊரில் எந்தத் துக்கத்திலும் பேசாமல் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. தேர்தல் வேறு பக்கத்தில் இருந்தது. நேராக முன்னால் போய் நின்று, நெஞ்சில் கை வைத்தார்.

"வெலிகாவ நாம யாரும் பார்த்ததில்ல. ஆனா எங்க வீட்ல அவ பேரச் சொல்லாம ஒரு நாளும் ரொட்டி வெட்டினதில்ல. என் தாய்மாமன் அவ படகுலதான் அக்கரைக்குப் போனார். அவ இல்லன்னா அவர் இல்ல!" கூட்டம் தலையாட்டியது. இரண்டு பேர் அதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார்கள்.

பேச்சு சூடுபிடித்தது. ரதோய் எழுந்து, அவள் கூலியாகப் பூட்ஸ்தான் வாங்குவாள் என்றும், நாவலில் அவளோடு வரும் லெப்டினன்டைப் பற்றியும் எடுத்துக்கொடுத்தார். போர் முடிந்த பிறகு பிறந்தவர் அவர். ஆனால் அவர் சொன்ன தோரணையில், அந்தப் படகில் ஏறி இறங்கியவர் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

"பூட்ஸா?" என்று பின்வரிசையில் ஒருவர் குதித்து எழுந்தார். "எங்க வீட்டுப் பரண்ல ஒரு ஜோடி கெடந்துச்சு! யாரோடதுன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லல!"

"வெறுங்காலோட ஒருத்தன அனுப்புறது தர்மமா? கஞ்சப் பொம்பளதான்."

"உசுரு போற எடத்துல பூட்ஸ் பெருசா? நீயா இருந்தா உன் செருப்புக்குப் பேரம் பேசியிருப்ப."

"யாரோ ஒரு லெப்டினன்டு கூட இருந்தாளாமே?"

"இருந்தா உனக்கு என்ன? புருஷன் போய் எத்தன வருஷம்? இப்ப வந்து நாட்டாமை பண்ணுறான்!"

லெப்டினன்டின் பக்கம் ஒரு கட்சி, செத்த புருஷனின் பக்கம் ஒரு கட்சி என்று அறை இரண்டாகப் பிரிந்தது. கலோயான் வேகவேகமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இஸ்க்ரா சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு நாவலைப் பற்றி ஊரே சண்டை போடுகிறது! தன் கடிதத்தில் எழுதிய பொய் உண்மையாகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தாள்.

கெரசிம் சாமி கையுயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "எண்பது வருஷமா இந்த ஆத்மாவுக்கு ஒண்ணுமே செய்யல. கல்லறையும் இல்ல. அதனால முதல்லேருந்து முறையாப் பண்ணிடுவோம். இன்னைய நாள நாற்பதாம் நாளா வச்சுக்குவோம். அடுத்து மூணு மாசம், ஆறு மாசம், ஒன்பது மாசம், வருஷம். எல்லாம் இந்த ரூம்லயே."

"இங்கயேதான்!" என்று மேயர்தான் முதலில் கை தட்டினார். தட்டிய பிறகுதான் அவருக்கு மெஷின்கள் ஞாபகம் வந்தன. கை பாதியில் நின்றது.

இஸ்க்ராவுக்கு மூச்சு வந்தது. அறை தப்பித்தது. அந்த நிம்மதியில் அவள் ஸ்த்ராவ்காவைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

"அவ எப்படிச் செத்தான்னு யாருக்காவது தெரியுமா?" என்று தோத்கா கேட்க, கடைசிப் பக்கத்தில் நிபுணியான ஸ்த்ராவ்கா எழுந்தாள். "ஆட்டுக்காகத் திரும்பிப் போனா. சுட்டுட்டாங்க."

தோத்கா இடுப்பில் கை வைத்தாள்.

"ஆட்டுக்கா? இந்த ஊருப் பொம்பள ஒரு ஆட்டுக்காக ஆத்தத் தாண்டுவாளா? பன்னின்னு சொல்லு, நம்புறேன்."

கலோயானால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மன்னிக்கணும். அந்த ஆடு ஒரு குறியீடு."

"என்னது?"

"குறியீடு. அவளோட தனிமைய அது குறிக்குது."

"பால் குடுத்துச்சா?"

"அத நான் யோசிக்கல."

"அத யோசிக்க நீ யாரு தம்பி?"

"நான்தானே அவள எழுதினேன்! கதைங்க இது. வெலிகான்னு நிஜத்துல யாருமே இல்ல."

சாமியின் வாயருகே போன கோதுமைக் கரண்டி அப்படியே நின்றது. எல்லோரும் கலோயானைப் பார்த்தார்கள். பிறகு இஸ்க்ராவைப் பார்த்தார்கள்.

"கீழ போட்டிருந்தேன்," என்றாள் இஸ்க்ரா மெல்லிய குரலில். "பொடி எழுத்துல."

கையில் இருந்த தாளைத் தோத்கா கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள். உதடு அசைந்தது. நிமிர்ந்தபோது அவள் கோபம் இஸ்க்ராவின் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப அவள ஆர்மிக்காரன் கொல்லலையா?"

"இல்லீங்க. அதாவது கதைப்படி..."

"நீதான் கொன்னியா?"

"கதைக்கு ஒரு முடிவு..."

"எல்லாரையும் கரையேத்தின பொம்பளைய, ஒரு கறவை இல்லாத ஆட்டுக்காகச் சுட்டுட்டு, தொப்பியக் கழட்டிட்டு வந்து நிக்கிற!"

கூட்டம் எழுந்தது. நாற்காலிகள் உருண்டன. லெப்டினன்டின் கட்சியும் புருஷனின் கட்சியும் முதல்முறையாக ஒன்றாகச் சேர்ந்தன. கலோயான் புத்தக அலமாரியில் முதுகு இடிக்கும்வரை பின்வாங்கினார்.

"சரி, சரி! ரெண்டாம் பதிப்பு வருது! அதுல மாத்திடுறேன். ஆட்ட மறந்துட்டு அக்கரையிலேயே இருந்துடட்டும். பிழைச்சுக்கட்டும்!"

கூரை அதிர ஆரவாரம். யாரோ மேலங்கிக்குள் இருந்து ராக்கியா என்ற பழச்சாராயப் புட்டியை எடுத்தார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வெலிகா பிழைத்துவிட்டாள்! இஸ்க்ராவுக்கும் உள்ளுக்குள் ஏதோ பறந்தது. அவள் கேட்க நினைத்து, எழுதக் கூச்சப்பட்டு விட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? அந்த முக்காடு போட்ட பெண் அக்கரையில் பூட்ஸுகளை வரிசையாக வைத்துக் காயப்போடுவது அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேயர் நாற்காலி மேல் ஏறினார்.

"எனக்கு ரொம்பச் சந்தோஷம்! செத்தவளே இல்லன்னா நினைவுநாள் எதுக்கு? மூணு மாசம், ஆறு மாசம் எதுக்கு? நீங்க யாரும் புத்தகத்துக்காகவும் வரல. ஆக, இந்தக் கூட்டம் எந்தக் கணக்குலயும் வராது. திங்கக்கிழமை மெஷின் உள்ள வருது!"

"உங்க தாய்மாமா?" என்றாள் தோத்கா.

"அவர் வேற படகுல போயிருக்கலாம்."

இஸ்க்ரா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரிகள், கணப்பு, பூனை. மேசைமேல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெலிகாவின் படம். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கூடாது," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. மேசையைத் தட்டினாள்.

"கூடாது! அவ செத்துட்டா. செத்தவளாவே இருக்கணும்!"

ராக்கியா ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "என்னக்கா இப்படிப் பேசுறீங்க? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"முந்நூத்துப் பதினாலாம் பக்கத்துல செத்துட்டா. அச்சாயிடுச்சு. சாமி அவ பேரச் சொல்லி ஜெபம் பண்ணிட்டார். கோதுமையத் தின்னாச்சு. தின்ன கோதுமைய யாரு திருப்பித் தரப்போறீங்க? நீங்களா? நீங்களா?" குரல் உடைந்தது. அதை அதட்டலாக மாற்றிக்கொண்டாள். "அவ ஆட்டுக்காகப் போனா. சுட்டுட்டாங்க. அவ்வளவுதான்."

கெரசிம் சாமியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. இல்லாத ஆளுக்கு, அல்லது உயிரோடு இருக்கிற ஆளுக்கு, இறந்தோர் ஜெபம் பாடினார் என்று பிஷப் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் அதுவரை வியர்த்துக்கொண்டிருந்தார். "இஸ்க்ரா சொல்றதுதான் முறை," என்றார். "ஒரு தடவ பாடின ஜெபத்தத் திருப்பி எடுத்துக்கிறதுக்குச் சபையில வழி கெடையாது. இருந்தாளா இல்லையாங்கிறது எனக்குத் தெரியாது. செத்துட்டாங்கிறது உறுதி."

கலோயானும் தலையாட்டினார். முழு அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அவர் தோள் தளர்ந்தது.

மேயர் மட்டும் விடவில்லை. "சரி, சாகட்டும். மெஷின வேற மூலையில வைக்கலாம்ல? நினைவுநாளும் நடக்கட்டும், ஊரும் ஓடட்டும்."

தோத்கா நடைக்கூடத்தை எட்டிப் பார்த்தாள். பெட்டிகளின் மேல் தட்டுத் தட்டாகக் கோதுமை. மெழுகு உருகிப் பலகை இடுக்குகளில் வழிந்து இறுகிக்கொண்டிருந்தது.

"செத்தவளுக்குப் படையல் வச்ச பெட்டி அது," என்றாள். "அதுமேல ஏறி எவன் ஓடுவான்? நீங்க ஓடுவீங்களா மேயரே? ஓடிக் காட்டுங்க, நாங்க நின்னு பார்க்கிறோம்."

மேயர் பெட்டிகளைப் பார்த்தார். விரல்கள் தாமாகவே சிலுவைக் குறி போட்டன. நாற்காலியிலிருந்து இறங்கி, ஒரு வாய் கோதுமை எடுத்துத் தின்று, "கடவுள் அவள மன்னிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை வண்டி வந்து பெட்டிகளைப் பக்கத்து ஊருக்கு ஏற்றிப்போனது. அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது.

நாவலுக்கு இப்போது வரிசை இருந்தது. முதலில் எடுத்துப்போனவள் தோத்கா. இரண்டாவதாகத் தன் பெயரைப் போட்டுவைக்கச் சொல்லி மேயர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. தாய்மாமன் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்றும் விசாரித்தார்கள்.

தோத்கா புதன்கிழமை புத்தகத்தோடு வந்தாள். வாசகர் வட்டத்தில் மூன்றாவது நாற்காலிக்கு அடுத்ததாகத் தானே ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"லெப்டினன்டு ஒண்ணுக்கும் உதவாதவன். துப்பாக்கி தப்புன்னு பென்சில்ல எழுதியிருக்கு, அது சரி," என்றாள். ரதோய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசி?" என்று ஸ்த்ராவ்கா கேட்டாள்.

தோத்கா புத்தகத்தை மூடி இஸ்க்ராவிடம் நீட்டினாள். எல்லோரும் போகும்வரை இருந்தாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து இஸ்க்ராவின் மேசையில் வைத்தாள். முந்நூற்றுப் பதினாலாம் பக்கம். மாவுக் கறை பட்டிருந்தது.

"என் கையில இருந்த வரைக்கும் அவ சாக வேணாம்னு பார்த்தேன்," என்றாள். "திட்டாதீங்கக்கா."

இஸ்க்ரா திட்டவில்லை. தோத்கா போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தாளை நீவி விரித்தாள். ஆற்றில் மூடுபனி, துடுப்பு, அக்கரையிலிருந்து யாரோ போகாதே என்று கத்துகிறார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தாள்.

மூன்றாம் மாத அஞ்சலித் தாள்கள் முன்கூட்டியே அச்சாகிப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. பசை வாளியும் அங்கேயே இருந்தது. இஸ்க்ரா தூரிகையைத் தோய்த்து, முந்நூற்றுப் பதினாலாம் பக்கத்தைப் புத்தகத்தில் அதன் இடத்தில் ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். காயும்வரை கையை எடுக்கவில்லை.